ஒரே வீட்டில் மூன்று தூக்கம்: பகல் தூக்க அட்டவணையில் நடக்கும் தவறுகள்

ஒரு குழந்தை மட்டும் என்றால் பகல் தூக்கம் பெரிய பாடில்லை. ஏழு மாதக் கைக்குழந்தை, இருபது மாதப் பொடிசு, நான்கு வயதுப் பெரியவள் என்று மூன்று பேரை ஒருவரே பார்த்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒன்று கண்ணயரும்போது இன்னொன்று எழுந்து கத்தும், அந்தச் சத்தத்தில் தூங்கியதும் விழித்துவிடும். குழந்தைகளின் பிடிவாதம் என்று இதைச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலும் கோளாறு அட்டவணை போட்ட விதத்தில்தான் இருக்கும்.

எல்லோருக்கும் ஒரே மணி

"10 மணிக்கு எல்லோரும் படுக்கணும், 1 மணிக்கு மறுபடியும்" என்று வைப்பது முதல் தவறு. விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே போகும். அது சேரச் சேரத் தூக்கம் அழுத்தும், தூங்கி எழுந்தால் குறையும். சின்னக் குழந்தைக்கு இந்த அழுத்தம் சீக்கிரம் ஏறிவிடும். அதனால் படுக்கவைக்கும் நேரத்தை முந்தைய தூக்கம் முடிந்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

பிறந்த சில வாரங்களுக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் விழித்திருந்தாலே அதிகம். 4–5 மாதத்தில் ஒன்றரை முதல் இரண்டு மணி, 6–8 மாதத்தில் 2 முதல் 3 மணி, 9–12 மாதத்தில் சுமார் 3 முதல் 4 மணி, ஒன்றரை வயதுக்கு மேல் 5 முதல் 6 மணி நேரம் வரை தாங்கும். இவை கைக்கணக்குதான், அரை மணி முன்பின் இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து எண்ணக் கூடாது, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ணுங்கள்.

எல்லாத் தூக்கத்தையும் ஒன்றாக்கப் பார்ப்பது

இது முதல் தவறுக்கு நேர் எதிர்ப்பக்கம். ஒருவருக்கு மூன்று தூக்கம், ஒருவருக்கு ஒன்று, மூத்தவளுக்கு ஒன்றுமில்லை. இவற்றை முழுவதும் பொருத்த முடியாது, பொருத்தவும் வேண்டாம். மதியம் ஒரு தூக்கம் மட்டும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தால் போதும். மதியத்தில் உடலின் விழிப்பு இயல்பாகவே சற்றுத் தணியும் என்பதால் அந்த நேரம் கைகொடுக்கும். அதை முளையடித்ததுபோல் நிறுத்திவிட்டு, மற்றவற்றை அதைச் சுற்றி நகர்த்த வேண்டும்.

மேலே சொன்ன மூவரையே எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தை காலை 6:30-க்கு எழுகிறது. 8:45 முதல் 9:45 வரை முதல் தூக்கம். அடுத்தது 12:30 முதல் 2 மணி வரை. மாலை 4:30-க்கு அரை மணி நேரக் குட்டித் தூக்கம். இரவு 7:30-க்குப் படுக்கை. பொடிசு 7 மணிக்கு எழுகிறான், 12:45 முதல் 2:45 வரை தூங்குகிறான், இரவு 8 மணிக்குப் படுக்கிறான். பெரியவளுக்கு 1 முதல் 2 வரை அமைதி நேரம். ஆக, 1 மணியிலிருந்து 2 மணி வரை வீடு உங்கள் கையில்.

இந்த ஒரு மணி நேரத்தைக் கெடுப்பது மதியத்தில் நடக்கும் தவறல்ல, காலையில் நடப்பது. கைக்குழந்தை முதல் தூக்கத்தை 10:45 வரை நீட்டிவிட்டால் 12:30-க்குக் கண் மூடாது. தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உடம்பு சரியில்லாதபோதும், பிறந்த முதல் சில வாரங்களிலும் அது சரி (அப்போதுகூடப் பாலுக்காக எழுப்ப மருத்துவர் சொல்லியிருந்தால் எழுப்பத்தான் வேண்டும்). ஆறு மாதம் தாண்டிய, நன்றாக எடை ஏறும் குழந்தையைக் காலைத் தூக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் எழுப்புவதில் தப்பே இல்லை. திரையை விலக்கி வெளிச்சம் விடுங்கள். இரண்டு மூன்று நிமிடம் அதுவாகவே நெளியட்டும், பிறகு தூக்குங்கள். ஆழ்ந்த தூக்கத்திலிருந்து சட்டென்று தூக்கினால் கால்மணி நேரம் அழுது தீர்க்கும்.

அதற்கு மாறாக 9:15-க்கே விழித்துவிட்டால்? 12:30 வரை இழுத்தால் மூன்றேகால் மணி நேரம், ஏழு மாதத்துக்கு அது அதிகம். அன்றைக்கு மட்டும் 12 மணிக்கே படுக்கவையுங்கள். பொடிசின் சாப்பாட்டையும் தூக்கத்தையும் இருபது நிமிடம் முன்னே தள்ளுங்கள். முளை சற்று நகரலாம், பிடுங்கிவிடக் கூடாது.

ஒரே நிமிடத்தில் மூவரையும் படுக்கவைப்பது

இரண்டு குழந்தைகளை ஒரே அறையில் ஒரே நேரத்தில் தட்டித் தூங்கவைக்க முயன்றால், முதலில் சொக்கியவனை அடுத்தவன் எழுப்பிவிடுவான். பத்திலிருந்து இருபது நிமிடம் இடைவெளி விடுங்கள். குறைந்த நேரம் விழித்திருக்கக்கூடியவர் முதலில், அதாவது அநேகமாகக் கைக்குழந்தை. அந்த நேரத்தில் பொடிசு எங்கே இருப்பான் என்பதை முன்கூட்டியே தீர்மானித்திருக்க வேண்டும். உங்கள் கண்ணில் படுகிற, தடுப்பு வைத்த இடத்தில், அந்தப் பத்து நிமிடத்துக்கு மட்டும் வெளியே வரும் ஒரு பொம்மைப் பெட்டியோடு உட்காரட்டும். நாள் முழுக்கக் கையில் கிடக்கும் பொம்மை இரண்டு நிமிடம்கூடத் தாங்காது.

அதற்கு முன்பே சாப்பாடு முடிந்திருக்க வேண்டும். 12:45 தூக்கத்துக்கு 11:45-க்குத் தட்டு வைத்தால், 12:15-க்குள் வாய் துடைத்து, டயப்பர் மாற்றி முடிக்கலாம். 12:30-க்குச் சாப்பாடு ஆரம்பித்தால் வாயில் கவளத்தோடு தலை ஆடும். அது புரையேறும் ஆபத்து. அதோடு, ஐந்து நிமிடக் கோழித் தூக்கம் அழுத்தத்தைக் கொஞ்சம் தணித்துவிடும், தொட்டிலில் கிடத்தியதும் கண் பளிச்சென்று திறந்துகொள்ளும். பெரியவளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் வழியில் பொடிசு காரில் கண்ணயர்வதும் இதே கணக்குத்தான். பத்து நிமிடம் காரில் தூங்கியவனுக்கு வீட்டில் இரண்டு மணி நேரத் தூக்கம் போயே போச்சு. வழியெல்லாம் பேச்சுக் கொடுங்கள், ஜன்னலில் பார்ப்பதைச் சொல்லச் சொல்லுங்கள், முடிந்தால் கிளம்பும் நேரத்தையே மாற்றுங்கள்.

கொட்டாவிக்காகக் காத்திருப்பது

கைக்குழந்தை அழ ஆரம்பித்தபின் படுக்கவைத்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். அதற்கு முன்பே அடையாளம் தெரியும்: முகத்தைத் திருப்பிக்கொள்ளும், பார்வை ஓரிடத்தில் குத்திட்டு நிற்கும், புருவம் சிவக்கும், கையாட்டம் குறையும். கண்ணைக் கசக்குவதும் முதுகை வில்லாக வளைப்பதும் அடுத்த கட்டம். மூன்று பேரைப் பார்க்கும்போது இதையெல்லாம் உற்றுப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆகவே கணக்குப்படி தூங்க வேண்டிய நேரத்துக்கு இருபது நிமிடம் முன்னால் போனில் ஒரு அலாரம் வைத்துவிடுங்கள்.

பொடிசு ஏமாற்றுவான். தூக்கம் தாண்டிப்போன குழந்தை சோர்ந்து உட்காராது, சோபாவில் ஏறிக் குதிக்கும், காரணமில்லாமல் சிரிக்கும். "இவனுக்கு இன்னும் தூக்கமே வரல" என்று தோன்றும் இடம் அதுதான்.

அவசரப்பட்டு ஒரு தூக்கத்தை வெட்டுவது, வேண்டாதவரைப் படுக்கச் சொல்வது

ஒரு வயதை ஒட்டிப் பல குழந்தைகள் இரண்டாம் தூக்கத்தை மறுக்கும். நடக்கப் பழகும் காலம், படுக்கவைத்தால் எழுந்து நிற்கும். உடனே ஒரே தூக்கத்துக்கு மாற்றிவிடுகிறார்கள், நான்கு நாளில் மாலை 5 மணிக்கு வீடு இரண்டுபடும். இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள், பல நேரம் தானாகச் சரியாகும். இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாறுவது பெரும்பாலும் 13–18 மாதத்தில். மாற்றும்போது காலைத் தூக்கத்தை இரண்டு மூன்று நாளுக்கொரு முறை 15 நிமிடம் தள்ளிக்கொண்டே போய் மதியத்தில் சேருங்கள்.

பெரியவள் விஷயம் வேறு. மூன்று வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடையில் பலர் பகல் தூக்கத்தை விட்டுவிடுவார்கள். தூங்காதவளைத் தூங்கச் சொல்லி மல்லுக்கு நிற்பதில் உங்கள் ஒரு மணி நேரமும் போகும். "தூங்கு" என்று சொல்லாதீர்கள். "பெரிய முள் மேலே வரும்வரை பாயிலேயே இருக்கலாம், புத்தகம் பார்க்கலாம்" என்பது போதும். முதல் வாரம் 15 நிமிடம், பிறகு மெல்ல ஒரு மணி நேரம் வரை. கடிகாரம் தெரியாத வயதுக்கு டைமர் வையுங்கள், ஆனால் கைக்குழந்தையின் அறையில் கேட்காத தூரத்தில்.

மாலைத் தூக்கத்துக்கு எல்லை வைக்காதது

பொடிசு 3 மணிக்கு மேல் தூங்கினால் இரவு 8 மணிப் படுக்கை 9:30 ஆகும். கைக்குழந்தையின் கடைசித் தூக்கம் இரவுப் படுக்கைக்கு இரண்டரை மணி முன்னால் முடிய வேண்டும். அன்று அந்தத் தூக்கம் அமையாமலே போனால் இரவுப் படுக்கையை அரை மணி முன்னே இழுங்கள்.

அமைதிக்காகப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பது

இதில் மட்டும் சலுகை கிடையாது. ஒரு வயது ஆகும்வரை குழந்தை மல்லாந்து, கெட்டியான சமதளப் படுக்கையில், தனியாகத்தான் தூங்க வேண்டும். தலையணை, போர்வை, மெத்தென்ற பொம்மை எதுவும் கூடாது. அக்காவோ அண்ணனோ பக்கத்தில் படுப்பது பார்க்க அழகுதான், ஆனால் தூக்கத்தில் ஒரு கை மூக்கின்மேல் விழுந்தால் கைக்குழந்தையால் தள்ள முடியாது. சோபாவில் கிடத்துவது இன்னும் மோசம். காரில் தூங்கிப்போன குழந்தையை வீடு வந்தபின் கார் சீட்டிலேயே விட்டுவைக்காதீர்கள். தலை முன்னே சாய்ந்தால் மூச்சுக்குழல் மடங்கும். எழுந்தாலும் பரவாயில்லை என்று தூக்கிப் படுக்கையில் கிடத்துங்கள்.

மூத்த பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இன்னொன்றும் உண்டு. தம்பி அழுகிறான் என்று அவர்களே தொட்டிலுக்குள் பொம்மையைப் போடுவார்கள். ஒவ்வொரு முறையும் கிடத்துவதற்கு முன் படுக்கையைக் கையால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒரு பொத்தானோ கோலிக்குண்டோ கையில் தட்டுப்படலாம். வீட்டுச் சத்தத்தை மறைக்க, ஒரே சீராக இரையும் இரைச்சல் இயந்திரம் (white noise machine) வைத்தால் தொட்டிலிலிருந்து குறைந்தது 2 மீட்டர் தள்ளி, ஒலியைக் குறைத்து வையுங்கள்.

அடுத்தவரிடம் தவறான தகவலைக் கொடுப்பது

பார்த்துக்கொள்பவர் மாறும்போது "இவன் வழக்கமா 12:30-க்குத் தூங்குவான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது நேற்றைய கணக்கு. ஒரு தாளில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வரி: தூங்கிய நேரம், எழுந்த நேரம், கடைசியாகக் குடித்தது அல்லது சாப்பிட்டது. ஒன்றே ஒன்றுதான் எழுத நேரம் இருக்கிறது என்றால் கடைசியாக எழுந்த நேரத்தை எழுதுங்கள். "9:15-க்கு எழுந்தான்" என்று இருந்தால், வந்தவர் 12 மணிக்கே படுக்கையை விரித்துவிடுவார்.