ஷோவுக்கு கோழி குளிப்பாட்டுறப்ப நம்மாளுங்க பண்ற தப்புங்க

கோழி ஷோவுக்கு போறவங்கள்ல முக்கால்வாசி பேரு முந்தின நாள் சாயங்காலம்தான் பக்கெட்டையே தேடுறாங்க. ஷாம்பு போட்டு ஒரு முக்கு முக்கி, துண்டால துடைச்சு, விடியக்காலைல கூடையில போட்டு வண்டி ஏத்தியாச்சு. அங்க போய் கேஜ்ல விட்டா இறகெல்லாம் பிரிஞ்சு பிரிஞ்சு மினுமினுப்பே இல்லாம நிக்கும். நேத்துதானய்யா குளிப்பாட்டுனேன் இப்படி இருக்கேன்னு கேப்பாங்க. நேத்து குளிப்பாட்டுனதுதாங்க காரணம்.

கோழிக்கு வால் கிளம்புற இடத்துல மேல் பக்கம் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கு. அதை அலகால கொத்தி கொத்தி எடுத்து இறகு பூரா தடவிக்கும், சும்மா உக்காந்து இறகு கோதுதேன்னு நாம பாத்துட்டு போவோம்ல, அப்ப நடக்குறது அதுதான். சோப்பு போட்டா அழுக்கோட சேர்ந்து இந்த எண்ணெயும் போயிடும். மறுபடி அது கோதி கோதி இறகை அடுக்கி பளபளப்பு கொண்டுவர ரெண்டு மூணு நாளாவது ஆகும். அதனால ஷோவுக்கு மூணு நாலு நாள் முன்னாடியே குளியலை முடிச்சிடணும். மினுமினுப்பு எதிர்பார்க்காத சில்கி மாதிரி பஞ்சுக்கோழிக்கு மட்டும் ரெண்டு நாள் முன்னாடி போதும், அதுலயும் வெள்ளையா இருந்தா சீக்கிரம் அழுக்காயிடும்.

அடுத்து, எல்லா கோழியையும் முக்கி எடுக்கணும்னு யாரு சொன்னாங்கன்னு தெரியல. கிளிமூக்கு விசிறிவால், அசில் இதெல்லாம் இறகு கம்மியா, இறுக்கமா உடம்போட ஒட்டி இருக்கிற ஜாதி. அந்த இறுக்கம்தான் அதோட அழகு. ஷாம்பு போட்டு ஊற வெச்சா இறகு தளர்ந்து பொசுபொசுன்னு ஆயிடும், நெஞ்சு எலும்பு கட்டு எல்லாம் மறைஞ்சு வேற கோழி மாதிரி தெரியும். மூக்கு, கண்ணு, பூ (தலையில இருக்கிற கொண்டை), வால்னு பாக்குற ஜட்ஜுக்கு நீங்க உடம்புக்கு ஷாம்பு போட்டீங்களா இல்லையான்னு என்ன கவலை? ஈரத்துணியால இறகு போற திசையில துடைச்சு விடுங்க, மூஞ்சி கால் மட்டும் நல்லா கழுவுங்க, வால் நுனியில எச்சம் ஒட்டியிருந்தா அந்த நுனிய மட்டும் வெதுவெதுப்பான தண்ணில நனைச்சு விரலால நீவி எடுங்க. விசிறிவாலை சின்ன பக்கெட்ல மடக்கி திணிச்சு ஒரு இறகு முறிஞ்சா அந்த சீசனே போச்சு. முறிஞ்ச இறகு தானா உதிர்ந்து புதுசா முளைக்கணும், இல்ல புடுங்கி விட்டாலும் பழைய நீளத்துக்கு வர மாசக்கணக்குல ஆகும்.

குளியல்னு சொல்றதே கொச்சின், பிரம்மா, சில்கி மாதிரி பொசுபொசு இறகு ஜாதிக்கும், முக்கியமா வெள்ளை, வெளிர் நிறக் கோழிங்களுக்கும்தான்.

பேன் இருக்கிற கோழிய அப்படியே குளிப்பாட்டுறது இன்னொன்னு. தண்ணில பேன் செத்துடும்னு நினைக்காதீங்க, கொஞ்சம் போகும், முட்டை போகாது. ஆசனவாய் பக்கம் இறகோட அடியில வெள்ளையா கொத்து கொத்தா ஒட்டிக்கிட்டு இருக்கும் பாருங்க, அது பேன் முட்டை. கோழிக்குன்னு விக்கிற பவுடரை போட்டாலும் அந்த முட்டைக்கு ஒண்ணும் ஆகாது, அதனால ஒரு வாரம் பத்து நாள் கழிச்சு மறுபடியும் போட்டே ஆகணும். அப்படின்னா இந்த வேலைய ஷோவுக்கு ஒரு மாசம் முன்னாடியே ஆரம்பிக்கணும். மண்ணெண்ணெய் தடவுற பழக்கம் இன்னும் சில ஊர்ல இருக்கு, தயவு செஞ்சு வேணாம், தோல் வெந்துடும். ஜட்ஜ் றெக்கைய தூக்கி பாக்குறப்ப அவரு கையில பேன் ஏறுச்சுன்னா அப்புறம் கோழி எவ்வளவு அழகா இருந்தும் பிரயோஜனமில்ல.

இப்ப குளியலுக்கு வருவோம். துணி துவைக்கிற பவுடர், பார் சோப்பு ரெண்டும் கூடவே கூடாது. குழந்தைங்க ஷாம்பு போதும், அதையும் கோழி மேல நேரா ஊத்தாம தண்ணில கலந்துட்டு அப்புறம் கோழிய இறக்கணும். தண்ணி முழங்கைய விட்டு பாத்தா இதமா இருக்கணும். கோழியோட உடம்பு சூடு 41 டிகிரி பக்கம், நமக்கு பரவால்லன்னு தோணுற போர் தண்ணி அதுக்கு ஐஸ் தண்ணிதான். றெக்கைய ரெண்டு பக்கமும் அணைச்சு பிடிச்சு மெதுவா இறக்குனா முதல்ல திமிறும், அப்புறம் சூட்டுக்கு சொக்கி கண்ணை மூடிக்கும். இங்கதான் ஜாக்கிரதை, சொக்குன கோழி தலைய தொங்க போட்டுடும், மூக்கு தண்ணிக்குள்ள போனாலும் தூக்காது, நீங்க போன் எடுத்து பேசிட்டு இருந்தா அவ்வளவுதான். ஒரு கை எப்பவும் தாடைக்கு அடியில இருக்கட்டும். தேய்க்கிறது தலைமுடிக்கு தேய்க்கிற மாதிரி சுத்தி சுத்தி இல்ல, இறகு படிஞ்சிருக்கிற திசையில மட்டும். எதிர்ப்பக்கமா தேய்ச்சா இறகு இழைங்க ஒண்ணோட ஒண்ணு மாட்டியிருக்கிற சின்ன கொக்கி எல்லாம் பிச்சுக்கும். சில்கிக்கு அந்த கொக்கி சரியா கிடையாது, அதனாலதான் பஞ்சு மாதிரி இருக்கு, அதனாலயேதான் தண்ணி நேரா தோல் வரைக்கும் போயி காய ரொம்ப நேரம் எடுக்குது.

சோப்பு போடுறதுல யாரும் கஞ்சத்தனம் பண்றதில்ல, அலசுறதுலதான் பண்றாங்க. என்னைய கேட்டா வேலையே அலசுறதுதான். உள்ள தங்குன சோப்பு காய்ஞ்சதும் இறகு விறைப்பா, கத்தை கத்தையா ஒட்டிக்கும், வெள்ளைக் கோழின்னா மங்கலா தெரியும், கோழியும் அரிப்பு தாங்காம கொத்திக்கிட்டே இருக்கும். பக்கத்துல பக்கத்துல மூணு டப் வைங்க. முதல்ல சோப்புத்தண்ணி, ரெண்டாவதுல கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணி, அது சோப்பை வெட்டி எடுத்துடும், மூணாவது சுத்தமான வெதுவெதுப்பான தண்ணி. தண்ணி கலங்குச்சுன்னா மாத்திட்டு திரும்ப அலசுங்க. வயிறு, தொடை, ஆசனவாய் பக்கம் விரல விட்டு இறகை பிரிச்சு பிரிச்சு அலசணும், வழவழப்பு கையில தட்டாம போற வரைக்கும் விடக்கூடாது.

வெள்ளைக் கோழிக்கு கடைசி தண்ணில நீலம் போடுறது வெளிநாட்டு ஷோக்காரங்களும் ரொம்ப காலமா பண்றதுதான், நம்மகிட்ட சொட்டு நீலம் இருக்கவே இருக்கு. ஆனா வேட்டிக்கு போடுற அளவுல போட்டு நீலக்கோழியா கொண்டு வர்றவங்க உண்டு. ஒரு டப்புக்கு ரெண்டு மூணு சொட்டு, நல்லா கலக்குன பிறகுதான் கோழி உள்ள போகணும், கலக்காம விட்டா பட்ட இடத்துல கோடு விழுந்துடும். இன்னொரு விஷயம், வெயில்ல அலைஞ்சு, மக்காச்சோளம் நிறைய தின்னு மஞ்சளேறுன இறகை எந்த நீலமும் முழுசா காப்பாத்தாது. வெள்ளைக் கோழிய இறகு மாத்துறதுல இருந்தே நிழல்ல வெச்சு வளக்கணும்.

காய வைக்கிறதுல அவசரம் வேணாம். துண்டுல சுத்தி ஒத்தி எடுங்க, தேய்க்காதீங்க. ஹேர் டிரையரை கிட்ட பிடிச்சு ஹை சூட்டுல விடுறது ரொம்ப ஆபத்து, கோழிக்கு வேர்க்காது, வாயைத் திறந்து இளைக்க ஆரம்பிச்சா உடனே நிறுத்திடுங்க. மிதமான சூடு, ஒரு அடி தள்ளி, கைய ஆட்டிக்கிட்டே இருக்கணும். மேல காய்ஞ்ச மாதிரி இருக்கும், அடியில பஞ்சு ஈரமா இருக்கும், அப்படியே ராத்திரி விட்டா சளி பிடிச்சு ஷோ அன்னைக்கு தும்மிக்கிட்டு நிக்கும். காய்ஞ்சதும் புது மரத்தூள் போட்ட கூண்டு, திரும்ப மண்ணுல விட்டுடாதீங்க.

காலுக்கு பழைய டூத்பிரஷ் போதும். செதில் தூக்கிக்கிட்டு சொரசொரன்னு இருந்தா அது அழுக்கு இல்ல, உள்ள பூச்சி இருக்கு, ஊசியால நோண்டுனா ரத்தம்தான் வரும், வாரக்கணக்குல வைத்தியம் பாக்க வேண்டிய சமாச்சாரம். நகம் வெட்டுறப்ப உள்ள ஓடுற ரத்தக்குழாய் வெள்ளை நகத்துல தெரியும், கறுப்பு நகத்துல தெரியாது, அதனால நுனிய மட்டும் கொஞ்சம் கொஞ்சமா. பூவுக்கும் காலுக்கும் வாஸ்லின் தடவி துணியால துடைச்சு எடுத்துடணும், சும்மா அப்பி விட்டா போற வழி தூசி பூரா அதுலதான். தேங்காயெண்ணெய்ய இறகுலயே தடவுறாங்க சிலர், அதுக்கு பேசாம குளிப்பாட்டாமயே கொண்டு போகலாம்.

சாயம் போடுறது, வேற கலர்ல வந்த இறகை புடுங்கி மறைக்கிறது இதெல்லாம் தயாரிப்பு இல்லைங்க, ஏமாத்து. அமெரிக்காவுல 1874லயே கோழி ஜாதிங்களுக்கு ஸ்டாண்டர்டு புத்தகம் போட்டாங்க, இன்னைக்கும் அந்த ஸ்டாண்டர்டுப்படி நடக்குற ஷோல இப்படி பண்ணது தெரிஞ்சா கோழிய வெளிய அனுப்பிடுவாங்க.

எவ்வளவு குளிப்பாட்டுனாலும் கேஜ் பழகாத கோழி மூலையில ஒடுங்கி வாலை மடக்கிடும். ஒரு ரெண்டு வாரம் தினமும் கொஞ்ச நேரம் கேஜ்ல விட்டு, கைய விட்டு எடுத்து, றெக்கைய விரிச்சு பாத்து பழக்குங்க. கிளம்புற அன்னைக்கு கீரை, பழம் கொடுக்காதீங்க, தண்ணியா போயி பின்பக்க இறகு பூரா நாசமாயிடும், பழகுன தானியமே போதும். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசிய ஷோவுக்கு முந்தின நாள் போட்டா அங்க அது காப்பாத்தாது, ரெண்டு மூணு வாரம் முன்னாடியே போட்டிருக்கணும். திரும்பி வந்ததும், கப் வாங்குன கோழியா இருந்தாலும் சரி, மத்த கோழிங்களோட உடனே விடாம மூணு வாரமாவது தனியா வைங்க, அதுக்கு தீனி தண்ணி வைக்கிறதையும் கடைசியா வெச்சுக்கோங்க.