நெட் எப்போது போனது? கணினியே குறித்து வைக்கட்டும்

தங்கச்சிமடத்தில் சின்னதாக ஒரு இ-சேவைக் கடை வைத்திருக்கிறேன். முதியோர் உதவித்தொகைக்கு மனு போட பாம்பனிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மா, நெட் இல்லாமல் மதியம் வரை பெஞ்சில் காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனார். நெட் போகும் நேரத்தைக் கணினியே குறித்து வைக்கும் இந்தச் சின்ன ஸ்கிரிப்டை (கட்டளைகளின் தொகுப்பு) அன்று ராத்திரிதான் எழுதினேன். "அடிக்கடி நெட் போகுது" என்று நெட் கம்பெனிக்குப் போனில் சொன்னால் "எத்தனை மணிக்குப் போச்சு?" என்று கேட்பார்கள், நமக்கு நேரம் ஞாபகம் இருக்காது.

லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப் போதும். கட்டளைகளை உச்சரிப்பில் தருகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் டெர்மினலை (கட்டளை தட்டும் ஜன்னல்) திறந்து 'பிங் -சி 3 8.8.8.8' என்று தட்டுங்கள். பிங் என்பது எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை. 8.8.8.8 என்பது கூகுளின் பொது டிஎன்எஸ் சர்வர், அதாவது இணையதளப் பெயரை எண்ணாக மாற்றித் தரும் கணினி. மூன்று பாக்கெட் (சின்னத் தகவல் துண்டு) போகும். ஒன்றாவது திரும்பி வந்தால் பிங் 0 என்ற எண்ணோடு முடியும், எதுவும் வராவிட்டால் வேறு எண். இதை வைத்துத்தான் ஸ்கிரிப்ட் முடிவெடுக்கும். ஒரே பாக்கெட் அனுப்பிச் சோதிக்காதீர்கள், அது வழியில் தவறினாலே நெட் போனதாகப் பதிவாகிவிடும்.

அப்புறம் 'ஐபி ரூட்' (வழி என்று பொருள்படும் ரூட், வேர் அல்ல). 'டீஃபால்ட் வயா' என்பதற்கு அடுத்து வரும் எண் உங்கள் ரவுட்டர், பல வீடுகளில் 192.168.1.1.

சரி, இப்போது நேனோ என்ற எழுதும் செயலியில் 'நெட்.எஸ்எச்' என்று ஒரு கோப்பு. திரும்பத் திரும்ப ஓடும் 'வைல் ட்ரூ' லூப்புக்குள் ஒரு 'இஃப்': 8.8.8.8 பதில் தந்தால் நிலை "இருக்கு". 'எலிஃப்': ரவுட்டர் மட்டும் தந்தால் "வெளியே", அதாவது கோளாறு கம்பெனிப் பக்கம். 'எல்ஸ்': "உள்ளே", அதாவது கோளாறு நம் பக்கம். தமிழிலேயே எழுதலாம், கோப்பில் ஒழுங்காகத்தான் வரும். போன சுற்றின் நிலையிலிருந்து மாறியிருந்தால் மட்டும் 'டேட்' தரும் நேரத்தோடு சேர்த்து 'எக்கோ' செய்து, >> போட்டுப் பதிவுக் கோப்பில் சேருங்கள். ஒற்றை > போட்டால் பழைய பதிவெல்லாம் அழிந்துபோகும். கடைசியில் 20 விநாடி காத்திருக்க 'ஸ்லீப் 20', லூப்பை மூட 'டன்'.

பின்னணியில் ஓட 'நோஹப் பாஷ் நெட்.எஸ்எச் &'. டெர்மினலை மூடினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். லேப்டாப்பைத் தூங்கவிட்டால் மட்டும் நின்றுவிடும், அதனால் அந்த அமைப்பை மாற்றிவிடுங்கள்.

இந்த "உள்ளே", "வெளியே" பிரிவை விட்டுவிடாதீர்கள். என் பதிவில் ஒரு வாரம் முழுக்க "உள்ளே" என்றே வந்தது. கரண்ட் போகும்போது ரவுட்டர் அணைந்தாலும் அப்படித்தான் வரும், ஆனால் கரண்ட் இருந்த நேரத்திலும் வந்தது. ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு வரும் கேபிளைப் பிடுங்கிப் பார்த்தால், ஜன்னல் வழியே அடிக்கும் உப்புக்காற்றில் எட்டுப் பின்களில் இரண்டு பச்சையாகக் களிம்பேறிக் கிடந்தன. முனையை வெட்டிப் புது ஜாக் அடித்தேன், அந்தத் தொல்லை நின்றுவிட்டது. இப்போது "வெளியே" என்று வந்தால் மட்டும் கம்பெனிக்குப் போன் போடுகிறேன், கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு நேரத்தை வரிசையாக வாசிக்கிறேன்.