கிட் ரிமோட் ஸ்கிரிப்ட்டுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிட் (கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) ரெப்போ ஒன்றை, அதாவது கோடும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியத்தை, இன்னொரு சர்வரில் மிரர் (அப்படியே நகல்) எடுக்க ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். இரவு இரண்டு மணிக்கு க்ரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தொடங்கும் நிரல்) ஓட்டும், கிட் ஃபெட்ச் (ரிமோட்டில், அதாவது வேறிடத்து ரெப்போவில், புதிதாக உள்ளதை இறக்குவது) நடக்கும், வருவதெல்லாம் பைப் வழியாக டீ கட்டளைக்குப் (வருவதைத் திரையிலும் கோப்பிலும் எழுதுவது) போய் லாக்கில் சேரும், கடைசியில் 'முடிந்தது' என்று ஒரு வரி. டோக்கன் (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் சாவி) காலாவதியான பிறகும் மூன்று வாரம் அந்த 'முடிந்தது' வந்துகொண்டே இருந்தது. லாக்கைத் திறந்து பார்த்தால் அதற்கு மேல் வரியிலேயே ஃபேட்டல் என்று இருக்கிறது! பைப்பில் கடைசியாக நிற்கும் கட்டளையின் எக்ஸிட் கோடைத்தான் (0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி) ஷெல் எடுத்துக்கொள்ளும், டீ தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டது, ஃபெட்ச் தோற்றது எங்கேயும் பதிவாகவில்லை. ஷெல் பாஷ் என்றால் பைப்ஃபெயில் போடுங்கள், பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்றே வரும். இல்லையென்றால் பைப்பே வேண்டாம், நேராகக் கோப்புக்குத் திருப்பிவிட்டு எக்ஸிட் கோடைப் பாருங்கள். ஃபங்ஷனுக்குள் லோக்கல் அறிவிப்பையும் (ஃபங்ஷனுக்கு மட்டுமான வேரியபிள்) கிட் கட்டளையையும் ஒரே வரியில் எழுதினாலும் இதே கதைதான், கிட் தோற்றாலும் லோக்கல் ஜெயித்துவிடும்.

அடுத்தது, மனிதர்கள் படிப்பதற்காக கிட் அச்சிடுவதை ஆக் (உரையை வெட்டியெடுக்கும் கருவி) போட்டு அறுப்பது. ரிமோட் பிராஞ்ச் பட்டியலில் 'ஒரிஜின்/ஹெட்' என்று தொடங்கி அம்புக்குறியோடு ஒரு வரி வரும், பலருடைய லூப் அங்கேதான் உடைகிறது. செய்திகள் லொக்கேலைப் (கணினியின் மொழி அமைப்பு) பொறுத்து மொழியே மாறும். ஸ்கிரிப்ட் படிப்பதற்கென்றே ரெஃப்களை (பிராஞ்ச் போன்றவற்றின் பெயர்கள்) பட்டியலிடும் ஃபார்-ஈச்-ரெஃப் இருக்கிறது, புஷ்ஷுக்கு போர்சலின் ஆப்ஷன் இருக்கிறது, அவற்றைப் பயன்படுத்துங்கள். டாட் கிட் ஃபோல்டருக்குள் நேரடியாகக் கை வைக்கவே வேண்டாம். ரெஃப்கள் பேக் ஆகிவிட்டால் (ஒரே கோப்பில் சேர்க்கப்பட்டால்) நீங்கள் தேடும் கோப்பு அங்கே இருக்காது.

ரிமோட்டில் உள்ள ரெஃப்களைக் காட்டும் எல்எஸ்-ரிமோட் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 'மெயின்' என்று மட்டும் கேட்டால் அது பெயரின் வால் பகுதியைத்தான் ஒப்பிடும், அதனால் 'பழையது/மெயின்' என்றொரு பிராஞ்ச் இருந்தால் அதுவும் சேர்ந்து வரும். ரெஃப்ஸ்/ஹெட்ஸ் தொடங்கி முழுப் பெயரையும் கொடுங்கள். அப்புறம், எதுவும் பொருந்தாவிட்டாலும் அது 0 என்றே திரும்பும். எக்ஸிட்-கோட் ஆப்ஷன் கொடுத்தால்தான் பொருந்தாதபோது 2 வரும். நெட்வொர்க் போனால் 128. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து, 'ரிமோட்டில் பிராஞ்ச் இல்லை, லோக்கலிலும் அழித்துவிடு' என்று எழுதிய ஸ்கிரிப்ட்டைப் பார்த்திருக்கிறேன். சர்வர் ஐந்து நிமிடம் படுத்தால் போதும், புஷ் செய்யாத வேலையெல்லாம் காலி.

க்ரானில் ஓடுவது யாரிடமும் பாஸ்வேர்ட் கேட்டுக் காத்திருக்கக் கூடாது. கிட் டெர்மினல் ப்ராம்ப்ட் வேரியபிளை 0 ஆக்குங்கள் (2015-இல் வந்த 2.3 முதல் உண்டு), எஸ்எஸ்ஹெச் வழியாக இணைந்தால் எதையும் கேட்காத பேட்ச்மோட் போடுங்கள். டோக்கனை யூஆர்எல்லில் ஒட்ட வேண்டாம், அது கான்ஃபிக் கோப்பில் அப்படியே உட்கார்ந்துவிடும்.

போஸ்ட்-ரிசீவ் ஹூக்கில் (புஷ் வந்ததும் சர்வரில் தானாக ஓடும் ஸ்கிரிப்ட்) இன்னொரு ஃபோல்டருக்கு சிடி செய்து புல் அடிப்பவர்கள் கட்டாயம் மாட்டுவார்கள். கையால் ஓட்டினால் சரியாக ஓடும், ஹூக்கில் மட்டும் 'இது கிட் ரெப்போ இல்லை' என்று அழும். காரணம், ஹூக்கை ஓட்டும்போது ரெப்போ எங்கே என்று சொல்லும் கிட்_டிர் வேரியபிளையும் கிட் சேர்த்து அனுப்புகிறது. முதலில் அதை அன்செட் செய்யுங்கள்.

புஷ்ஷில் ஃபோர்ஸ்-வித்-லீஸ் (ரிமோட் நாம் எதிர்பார்த்தபடி இருந்தால் மட்டும் மேலெழுதும் ஆப்ஷன்) போட்டுவிட்டால் பத்திரம் என்று நினைப்பதும் தவறுதான். மதிப்பு எதுவும் கொடுக்காவிட்டால் அது உங்கள் ரிமோட்-ட்ராக்கிங் ரெஃபோடுதான் (கடைசியாகப் பார்த்த ரிமோட் நிலையின் லோக்கல் பதிவு) ஒப்பிடும், புஷ்ஷுக்கு முந்தைய வரியிலேயே ஸ்கிரிப்ட் ஃபெட்ச் செய்திருந்தால் ரெஃப் புதுசாகியிருக்கும், மற்றவருடைய கமிட் சத்தமில்லாமல் மேலெழுதப்படும். வேலை தொடங்கும்போதே ரிமோட் பிராஞ்சின் கமிட் ஹாஷை (அந்தக் கமிட்டின் அடையாள எண்) எடுத்து வைத்துக்கொண்டு அதையே எதிர்பார்க்கும் மதிப்பாகக் கொடுங்கள்.

இதையெல்லாம் சோதிக்க சர்வர் தேவையில்லை. டெம்ப் ஃபோல்டரில் ஒரு 'பேர்' (bare) ரெப்போ, அதாவது வேலைக் கோப்புகள் இல்லாமல் வரலாறு மட்டும் வைத்திருப்பது, உருவாக்கி, அந்தப் பாதையையே ரிமோட்டாகக் கொடுத்து ஸ்கிரிப்ட்டை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு அந்த ஃபோல்டரின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். இரண்டாவது முறையும் 0 வந்தால், அந்த ஸ்கிரிப்ட்டை இன்றைக்கே க்ரானிலிருந்து எடுத்துவிடுங்கள்.