காய்ந்த ரோட்டை அளந்து பிரயோஜனம் இல்லை

ரோடு வழுக்குகிறது என்று புகார் வந்தால் செருப்பால் தேய்த்துப் பார்த்து, "நல்லாத்தானே இருக்கு" என்று திரும்பிவிடுவோம். நானும் சில வருஷம் அதைத்தான் செய்தேன். நனைந்த ரோட்டைத்தான் அளக்கவேண்டும்.

அதற்கு பெண்டுலம் கருவி. ஊஞ்சல் போல வீசும் ஒரு கை, நுனியில் ரப்பர் துண்டு. அது ரோட்டை ஏறக்குறைய 125 மி.மீ. உரசிப்போகும், முள் ஓர் எண்ணில் நிற்கும். எண் கூடினால் பிடிப்பு அதிகம், குறைந்தால் வழுக்கல். தண்ணீர் ஊற்றி ஐந்து தடவை விட்டு சராசரி எடுங்கள். சித்திரை வெயிலில் ரப்பர் இளகி எண்ணைக் குறைத்துக் காட்டும். 20 டிகிரிக்குத் திருத்தித்தான் எழுதவேண்டும். விடிகாலையில் போனால் வெயிலும் இல்லை, பஸ்ஸும் குறைவு.

எங்கே வைப்பது? சக்கரம் ஓடும் தடத்தில். மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு சிக்னல் முன்னால் தடத்தில் 41 காட்டியது. இரண்டடி தள்ளி மீடியன் ஓரத்தில் 63. ஒரே தார், ஒரே ஜல்லி. பஸ் பிரேக் போட்டுப் போட்டு ஜல்லியின் முனை வழவழத்துப் போயிருந்தது.

ஊர் முழுக்க ஒரே எண் வைக்காதீர்கள். பிரிட்டிஷ் சாலை ஆய்வுக்கூடத்தின் பழைய அளவே தொடங்குவதற்குப் போதும்: ரவுண்டானா, சிக்னல் நெருங்கும் இடம், கூர்வளைவு, நீண்ட இறக்கம் என்றால் குறைந்தது 65. நால்வழிச்சாலை, நெரிசலான ரோடு 55. மற்றவை 45. எண் குறைந்தால் உடனே ரோட்டைக் கொத்தவேண்டாம். போய்ப் பார்க்கவேண்டும் என்றுதான் அர்த்தம். விபத்துப் பதிவையும் சேர்த்துப் பாருங்கள்.

வேகமாக ஓடும் ரோட்டுக்கு மணல் சோதனையும் செய்யுங்கள். 25 மில்லி சலித்த மணலை வட்டமாகத் தேய்த்துப் பரப்பினால், வட்டம் 18 செ.மீ. அகலம் என்றால் ஜல்லிகளுக்கு இடையிலுள்ள குழியின் சராசரி ஆழம் சுமார் 1 மி.மீ. 25 செ.மீ. வரை பரவினால் அரை மி.மீ.தான், டயருக்கு அடியில் சிக்கிய தண்ணீருக்கு ஓட வழியிருக்காது.

தார் மேலே கசிந்திருந்தால் சூடான சிறுஜல்லி தூவி உருட்டலாம். ஜல்லியே வழவழத்திருந்தால் மேலே புதுப்பூச்சுதான். அதற்கும் சீக்கிரம் தேயாத கல்லாகக் கேட்டு வாங்குங்கள். வேலை முடியும்வரை வேகக்குறைப்புப் போர்டு வையுங்கள். இதெல்லாம் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் முடியட்டும்.

அப்புறம், புதுத்தார் போட்ட மறுநாளே அளந்து கையெழுத்துப் போடாதீர்கள். ஜல்லிமேல் தார்ப்படலம் மூடியிருக்கும். சில வாரம் வண்டி ஓடி அது தேய்ந்தபிறகு அளந்த எண்ணைத்தான் நான் பதிவேட்டில் ஏற்றுவேன்.