வள்ளத்திலேயே கடலை அளக்கலாம்: வெள்ளைத் தட்டு இறக்கும் முறை

தாரா என்ற பிரெஞ்சுப் பாய்மரக் கப்பல் 2009 முதல் 2013 வரை உலகக் கடல்களில் ஓடி, கண்ணுக்குத் தெரியாத உயிர்களைச் சேகரித்தது. 1914-இல் கட்டிய நார்வே கப்பல் ஸ்டாட்ஸ்ராட் லேம்கூலில் இன்றும் மாணவர்கள் பாய் இழுத்தபடி படிக்கிறார்கள். அப்படி ஒரு கப்பல் நம்ம குமரி மாவட்டத்து நீரோடி கிராமத்துக்கு வரட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டாம். கடல்நீரின் தெளிவையும் சூட்டையும் அளக்க ஒரு ஃபைபர் வள்ளமும் நாலு பிள்ளைகளும் போதும்.

30 செ.மீ. விட்டத்தில் வட்டத் தகடு வெட்டி, பளபளப்பில்லாத வெள்ளை பெயின்ட் அடியுங்கள். நடுவில் துளையிட்டுக் கயிறு கோத்து, அடியில் ஈயம் கட்டுங்கள். நைலான் கயிறு இழுபடும், வேண்டாம். கை விரித்து அளக்கும் பாகக் கணக்கும் வேண்டாம், ஆளுக்கு ஆள் கை நீளம் மாறும். அரை மீட்டருக்கு ஓர் அடையாளம் வையுங்கள். 1865-இல் ஆஞ்சலோ செக்கி என்ற இயேசு சபைக் குரு, போப்பாண்டவரின் கப்பலிலிருந்து இதேபோன்ற தட்டைத்தான் இறக்கினார். மறைக்கல்வி வகுப்பில் இதைச் சொல்லித்தான் நான் பிள்ளைகளைச் சேர்க்கிறேன்.

காலை பத்துக்கு மேல், மதியம் இரண்டுக்குள் இறக்குங்கள். வள்ளத்தின் நிழல் விழும் பக்கம் நல்லது. கறுப்புக் கண்ணாடி போடக் கூடாது. தட்டு மறையும் ஆழத்தையும், மேலே தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்து, இரண்டுக்கும் சராசரி எடுக்க வேண்டும். நீரோட்டத்தில் கயிறு சாய்ந்தால் ஈயத்தைக் கூட்டுங்கள்.

இரண்டு பிள்ளைகள் தனித்தனியே பார்த்து, ஒருவருக்கொருவர் சொல்லாமல் எழுத வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. "மாமா, நேற்று எட்டு மீட்டர்தானே?" என்று கேட்டுவிட்டு எழுதுகிற எண் யாருக்கும் பயன்படாது. பக்கத்தில் கேரளத்துப் பொழியூர் பிள்ளைகளும் வருவதால் குறிப்பு தமிழிலோ மலையாளத்திலோ இருக்கலாம். பென்சிலால் எழுதட்டும், மை கரைந்துவிடும்.

தட்டு சீக்கிரம் மறைந்தால் தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி அதிகம் என்று பொருள். சாளை மீனுக்கு அதுதான் தீனி. ஆனால் தேங்காப்பட்டணம் பொழிமுகத்தில் ஆற்றுக் கலங்கலும் தட்டை மறைக்கும், அங்கே அளந்து பயனில்லை. ஆழத்தில் ஓரிடத்தைப் பிடித்து, கரை அடையாளங்களை வைத்துக் கணிச்சம் பார்த்தோ ஜிபிஎஸ் வைத்தோ எப்போதும் அங்கேயே இறக்குங்கள். இடம் மாறினால் வருடங்களை ஒப்பிட முடியாது.

அப்புறம் தண்ணீரின் சூடு. வாளியில் மொண்டு, நிழலில் வைத்து உடனே தெர்மாமீட்டரை விடுங்கள். அந்தக் காலக் கப்பல்களில் கித்தான் வாளியில் நீர் ஆவியாகிக் குளிர்ந்ததால், பழைய கணக்குகளை விஞ்ஞானிகள் இன்றும் திருத்த வேண்டியிருக்கிறது.

லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஒரு பிள்ளையும் ஏறக் கூடாது. ஆனி, ஆடியில் ஏற்றவே கூடாது. ஆனால் அந்த மாதங்களில்தான் அடிநீர் மேலேறிக் கடல் பச்சையாகும். மேகம் மூடிவிடுவதால் செயற்கைக்கோளுக்கும் அது சரியாகத் தெரியாது. அப்போது தொழிலுக்குப் போகிறவர்கள் கையில் தட்டைக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் கரை வந்ததும் பிள்ளைகள் கேட்டு நோட்டில் ஏற்றிக்கொள்ளட்டும்.