லேப்டாப்பா, டெஸ்க்டாப்பா, மேக்கா? கணினி வாங்கும்போது கோட்டைவிடும் இடங்கள்

கல்லூரி சேர்க்கை முடிந்த கையோடு வீடுகளில் எழும் கேள்வி: "ஐ5 வாங்கலாமா, ஐ7 வாங்கலாமா?" இவை இன்டெல் நிறுவனச் சில்லுகளின் பெயர்கள். கடையிலும் பேச்சு அங்கேயேதான் தொடங்குகிறது. எந்த வகைக் கணினி என்பதை யாரும் கேட்பதில்லை. விண்டோஸ் லேப்டாப், ஆப்பிளின் மேக்புக், கூகுளின் இயங்குதளத்தில் ஓடும் குரோம்புக், மேசைக் கணினி, சிறு பெட்டியாக வரும் மினி பிசி, ஸ்னாப்டிராகன் சில்லு பொருத்திய புதுவகை விண்டோஸ் லேப்டாப் என்று இன்று கடையில் இருப்பவை வெவ்வேறு சாதிப் பொருட்கள். வகையில் பிசகிவிட்டால், அதற்குள் நல்ல மாடலைத் தேடிப் பிடித்தும் புண்ணியமில்லை.

பிடிவாதமான மென்பொருளை மறப்பது

மின்னஞ்சல், வீடியோ வகுப்பு, வங்கி வேலை, கட்டுரை எழுதுவது எல்லாம் பிரவுசரிலேயே முடிந்துவிடும். எந்தக் கணினியிலும் ஓடும். வகையை முடிவு செய்ய வேண்டியது, அதற்கு அடங்காமல் மீதி நிற்கும் அந்த ஓரிரு மென்பொருட்களும் கருவிகளும்தான்.

கணக்கு வேலைக்கு டேலி பிரைம் தேவையென்றால் அது விண்டோஸுக்காக எழுதப்பட்டது. மெக்கானிக்கல் மாணவருக்கு வேண்டிய வடிவமைப்பு மென்பொருளான சாலிட்வொர்க்ஸ் மேக்கில் நேரடியாக ஓடாது. கட்டடக் கலை படிப்பவர்களுக்கு இதில் ஒரு கண்ணி இருக்கிறது: வரைபட மென்பொருளான ஆட்டோகேடுக்கு மேக் பதிப்பு உண்டு, முப்பரிமாண வேலைக்கான ரெவிட்டுக்கும் 3டிஎஸ் மேக்ஸுக்கும் கிடையாது. "ஆட்டோகேட் ஓடுகிறதே" என்று மேக்புக் வாங்கியவர், ரெவிட் பாடம் வரும் பருவத்தில் விழிபிதுங்கி நிற்பார். முன்பு இன்டெல் சில்லு இருந்த மேக்கில் பூட் கேம்ப் என்ற ஆப்பிள் வசதி வழியாக விண்டோஸையும் போட்டுக்கொள்ளலாம். 2020 நவம்பரில் ஆப்பிளின் சொந்தச் சில்லான எம்1 வந்ததோடு அந்த வழி அடைபட்டது. அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: ஐபோன் செயலி எழுதக் கற்றுக்கொள்ள எக்ஸ்கோட் என்ற ஆப்பிள் மென்பொருள் வேண்டும், அது மேக்கில் மட்டுமே ஓடும்.

அதைவிட நுட்பமாகக் கவிழ்ப்பது 2024 ஜூனில் வந்த ஸ்னாப்டிராகன் எக்ஸ் லேப்டாப்புகள். பேட்டரி நாள் முழுக்க நிற்கிறது, சூடும் குறைவு. உள்ளே இருப்பதும் விண்டோஸ்தான். ஆனால் சில்லு ஏஆர்எம் வகை, இன்டெல்லிலிருந்து வேறான வடிவமைப்பு. இன்டெல்லுக்காக எழுதிய சாதாரண மென்பொருட்களை அது மொழிமாற்றி ஓட்டிவிடும். கருவிகளைக் கணினியோடு பேசவைக்கும் டிரைவர் மென்பொருட்களை அப்படி ஓட்ட முடியாது. அவை ஏஆர்எம்முக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஆடிட்டர் அலுவலகத்தின் டிஜிட்டல் கையொப்ப டோக்கன், கடையின் பில் பிரிண்டர், கைரேகைக் கருவி, பத்து வருடப் பழைய ஸ்கேனர் என்று அடிமடியில் கை வைப்பது அங்கேதான். "விண்டோஸ்தானே சார், எல்லாம் ஓடும்" என்ற விற்பனையாளரின் வார்த்தையை நம்பாமல், கருவி தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் ஏஆர்எம்64 டிரைவர் இருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுவது நல்லது.

தமிழில் தட்டெழுதுவது பற்றிய கவலை மட்டும் பெரும்பாலும் வீண். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இன்றைய விண்டோஸிலும் மேக்கிலும் கூடவே வருகின்றன. வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய எழுத்துருக்களில் கோப்புகளைக் குவித்து வைத்திருக்கும் அச்சகங்களும் டிடிபி கடைகளும் வேறு கதை. அவர்கள் விண்டோஸை விட்டு நகர முடியாது, நகரவும் வேண்டாம்.

ஐ5, ஐ7 என்ற ஒட்டுச்சீட்டு

இந்தப் பெயர்கள் ஒரே தலைமுறைக்குள்தான் தரவரிசை. தலைமுறை மாறினால் வரிசையும் கலைந்துவிடும். 2016இல் வந்த ஐ7-7500யூவில் இரண்டே கோர்கள், அதாவது கணக்கிடும் பகுதிகள். அடுத்த ஆண்டு வந்த ஐ5-8250யூவில் நான்கு. பழைய ஐ7ஐப் புதிய ஐ5 தாண்டிப் போய்விட்டது. கடைசி எழுத்தும் முக்கியம்: யூ என்றால் குறைந்த மின்சாரத்தில் ஓடுவது, எச் என்றால் வேகத்துக்காகச் சூட்டையும் மின்செலவையும் ஏற்றுக்கொள்வது. மெல்லிய உடலில் யூ ஐ7ஐ வாங்கிவிட்டு, தடித்த லேப்டாப்பில் இருக்கும் எச் ஐ5இன் வேகத்தை எதிர்பார்க்கக் கூடாது.

இன்டெல்லின் போட்டியாளரான ஏஎம்டியின் 7000 வரிசை இன்னும் மோசம். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் கேட்க அண்ணன் தம்பிபோல இருக்கும். மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பின் வயதைச் சொல்கிறது. 2 என்றால் 2019இல் அறிமுகமான ஜென் 2 வடிவமைப்பு, 3 என்றால் அடுத்து வந்த ஜென் 3. முன்னதில் நான்கு கோர், பின்னதில் ஆறு. போதாததற்கு 7520யூ இருக்கும் லேப்டாப்பில் ரேமும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்) பலகையோடு பற்றவைத்ததுதான். 8 ஜிபி வாங்கினால் கடைசிவரை 8 ஜிபி. வாங்குபவரைக் குழப்பவே வைத்த பெயர்கள் என்று சந்தேகப்பட்டால் நான் மறுக்க மாட்டேன்.

இதே ஒட்டுச்சீட்டு மயக்கம்தான் பழைய லேப்டாப் சந்தையிலும். சென்னை ரிச்சி தெருவில், நிறுவனங்கள் பயன்படுத்திக் கழித்த லெனோவோ திங்க்பேடுகளும் டெல் லாட்டிட்யூடுகளும் கிடைக்கும். உடல் உறுதி, விசைப்பலகை அருமை, புதிய மலிவு லேப்டாப்பைவிட நான் இவற்றையே விரும்புவேன். ஆனால் "ஐ5, 16 ஜிபி" என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் எத்தனையாவது தலைமுறை என்று கேளுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, ஓரிரு விதிவிலக்கு தவிர, இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏறும். ஆறாவது, ஏழாவது தலைமுறை லேப்டாப்பை இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டு ஓட்டத் தயார் என்றால் தாராளமாக வாங்கலாம், பல வருடம் உழைக்கும். தமிழக அரசு 2011இல் கொடுக்கத் தொடங்கிய இலவச லேப்டாப்பிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் இருந்தது.

"அப்புறம் ரேம் போட்டுக்கலாம்"

மேசைக் கணினியின் காலத்து நம்பிக்கை இது. மேக்புக்கில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது. மெல்லிய விண்டோஸ் லேப்டாப் பலவற்றிலும் அப்படித்தான். 2024 அக்டோபர் வரை மேக்புக் ஏர் 8 ஜிபியில்தான் தொடங்கியது. அதன்பின் அதே விலைக்கு 16 ஜிபி ஆனது. தள்ளுபடி விற்பனையில் ஆசை காட்டும் பழைய சரக்கு பெரும்பாலும் அந்த 8 ஜிபிதான். விண்டோஸ் என்றால் தனி ரேம் ஸ்லாட் ஒன்றாவது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்ஜினியரிங் என்றாலே கேமிங் லேப்டாப்

முதலாம் ஆண்டு சி, பைதான் பாடத்துக்கு எந்தக் கிராஃபிக்ஸ் அட்டையும் வேண்டாம். கேமிங் லேப்டாப் இரண்டு கிலோவுக்கு மேல், அதன் சார்ஜர் தனிச் சுமை. வகுப்பில் சார்ஜர் பாயின்ட் தேடி அலைய வேண்டும், மின்விசிறி இரையும். முப்பரிமாண வடிவமைப்போ இயந்திரக் கற்றலோ நிஜமாகவே தேவைப்பட்டால் அட்டையின் பெயரோடு அது எடுக்கும் மின்சார அளவான வாட்டையும் பாருங்கள். லேப்டாப்புக்கான என்விடியா ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டில் இருந்து 115 வாட் வரை வருகிறது. பெயர் ஒன்று, வேகம் வேறு.

மேசைக் கணினியை யோசிக்காமலே விடுவது

வீட்டை விட்டு நகராத கணினிக்கு ஏன் லேப்டாப்? அதே பணத்துக்கு மேசைக் கணினி வேகமாக இருக்கும், பெரிய திரை கிடைக்கும், ஒரு பாகம் போனால் அந்தப் பாகத்தை மட்டும் மாற்றலாம். பில் போடும் கடை, வீட்டிலிருந்தே வேலை செய்பவர், பள்ளிப் பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் ஒரே கணினி ஆகியவற்றுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வேன். செய்யும் தவறு பட்ஜெட்டில்: மானிட்டரையும் யூபிஎஸ்ஸையும் சேர்க்காமல் கணக்குப் போடுவது. கரண்ட் நின்று வரும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் மேசைக் கணினி வாங்கக் கூடாது. அதன் பேட்டரியையும் சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

மினி பிசிக்கும் இதே கணக்கு. 2024இல் வந்த மேக் மினி 16 ஜிபியோடு இந்தியாவில் ரூ. 59,900க்கு அறிமுகமானது. மேக் உலகில் அந்த விலைக்கு அவ்வளவு வேகம் வேறெதிலும் கிடைக்கவில்லை. ஆனால் பெட்டிக்குள் மானிட்டரும் இல்லை, கீபோர்டும் இல்லை, மவுஸும் இல்லை. ஆல்-இன்-ஒன்னைத் தவிர்க்கவே சொல்வேன்: பெரும்பாலும் லேப்டாப் பாகங்களை மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தது அது. உள்ளே இருப்பது பழசானால் நல்ல திரையும் சேர்ந்தே போகும்.

குரோம்புக் பள்ளிப் பிள்ளைக்குப் போதும். ஒவ்வொரு குரோம்புக்குக்கும் அப்டேட் நின்றுபோகும் ஒரு காலாவதித் தேதி இருக்கிறது என்பதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. 2021 முதல் வந்தவற்றுக்குப் பத்தாண்டு அப்டேட். ஆனால் அந்தப் பத்தாண்டு, வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை. அந்த வன்பொருள் வரிசை முதலில் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது. மூன்று வருடப் பழைய சரக்கை வாங்கினால் மூன்று வருடம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

பணம் கட்டும் முன்

"டாஸ்" என்று போட்டு சில ஆயிரம் குறைவாக விற்கும் லேப்டாப்பில் விண்டோஸ் உரிமம் இல்லை. கடைக்காரர் இலவசமாகப் போட்டுத் தருவது திருட்டுப் பிரதியாகத்தான் இருக்கும். லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இதுவே லாபம், மற்றவர்கள் உரிமத்தின் விலையைக் கூட்டிப் பார்க்க வேண்டும்.

வாரன்டி வீட்டுக்கே வந்து செய்வதா, நாம் சுமந்துபோக வேண்டியதா என்பதும் வகையைப் பொறுத்து மாறும். மாவட்டத் தலைநகரிலும் சர்வீஸ் சென்டர் இல்லாத பிராண்டை வாங்கினால் பழுதாகும் ஒவ்வொரு முறையும் ஒருநாள் பேருந்துப் பயணம். வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கி வருவதாக இருந்தால், அந்த மாடலின் வாரன்டி இந்தியாவிலும் செல்லுமா என்று அவர் கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பில்லில் "16 ஜிபி லேப்டாப்" என்று எழுத விடாதீர்கள், முழு மாடல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். ஒரே பெயரில் நல்ல திரையும் வரும், நிறமெல்லாம் வெளிறித் தெரியும் 45% என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் அளவுகோல்) திரையும் வரும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அந்த எண்ணின் கடைசி சில எழுத்துகள் மட்டுமே.