ஈசிஆரில் காற்றோடு பழகுவது: சைக்கிள் அணிக்கு மூன்று நாள் பயிற்சி

ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரிக்குச் சுமார் 95 கி.மீ. பாலங்களின் மேடுகளை விட்டால் ஏற்றமே இல்லை. இங்கே மலையின் வேலையைச் செய்வது காற்றுதான். ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும். தெற்கே போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். திட்டம் இதை வைத்தே போட வேண்டும்.

முதல் நாள் கல்பாக்கம் வரை போய்வந்தால் போதும். முன்னவர் காற்றை மறைக்க, ஒருவர் பின் ஒருவராக வரிசையில் ஓட்டப் பழகத்தான் இந்த நாள். முன் சக்கரத்துக்கும் முன்னால் போகிறவரின் பின் சக்கரத்துக்கும் நடுவே அரை சக்கர இடைவெளி. புதியவர்களுக்கு ஒரு சக்கரம். சக்கரங்கள் ஒன்றோடொன்று பக்கவாட்டில் ஏறி நிற்கவே கூடாது. முன்னவர் சற்று விலகினாலும் விழுவது பின்னால் இருப்பவர்தான்.

இரண்டாம் நாள் புதுச்சேரி. வாடை தள்ளுகிற உற்சாகத்தில் வேகம் தானாக ஏறும். அன்று கால்களைக் காலி செய்தால் மூன்றாம் நாள் வேன்தான் கதி.

திரும்பும் நாளில் விடிவதற்கு முன்பே விளக்கோடு கிளம்புங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் வலுக்கும். முன்னால் நின்று காற்றை வாங்கி வரிசையை இழுப்பது ஆளுக்கு 40 முதல் 60 விநாடிதான்; பிறகு விலகிக் கடைசிக்கு வர வேண்டும். களைத்தவர் கடைசியிலேயே இருந்து, விலகி வருபவருக்குத் தன் முன்னால் இடம் விடலாம். முன்னால் வந்ததும் வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லா அணியிலும் நடக்கிற தப்பு. பின்னால் வரிசை அறுந்துபோகும். மீட்டரைப் பார்த்து அதே வேகத்தில் இழுங்கள்.

மரக்காணம் உப்பளங்களில் காற்றுக்கு மறைவே கிடையாது. வடக்கே வரும்போது காற்று வலப்பக்க முன்னாலிருந்து வரும். ஆகவே ஒவ்வொருவரும் முன்னவருக்குச் சற்று இடப்பக்கம் தள்ளி நிற்க வேண்டும். நாலு பேருக்கு மேல் சாலையோரம் இடம் தராது. எட்டுப் பேர் என்றால் இரண்டு குழு. ஓரத்து மணலில் சக்கரம் இறங்கினால் பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் நேராக உருளவிடுங்கள்.

70 கிலோ ஆளுக்கு, 28 மி.மீ. டயரில் 70 பிஎஸ்ஐ காற்றழுத்தம் சரி. பஞ்சர் பெரும்பாலும் லாரி டயரிலிருந்து உதிர்ந்த மெல்லிய கம்பியால் வரும். அதைத் தடவிக் கண்டுபிடித்துப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். சின்ன இடுக்கி ஒன்று பையில் இருக்கட்டும்.

மணிக்கு 750 மி.லி. தண்ணீர், அதில் 40 கிராம் சர்க்கரை, கால் டீஸ்பூன் உப்பு, எலுமிச்சை. கூட ஒரு வாழைப்பழம். கடலை மிட்டாய் நிறுத்தத்தில் மட்டும். மூச்சு வாங்கும்போது தொண்டையில் சிக்கும்.

கடல் உப்பு ஓரிரவிலேயே செயினில் துரு ஏற்றிவிடும். தினமும் வந்ததும் நல்ல தண்ணீரில் ஸ்பாஞ்சால் கழுவி, நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். பிரஷர் வாஷ் வேண்டாம். பேரிங்குக்குள் தண்ணீர் போய்விடும்.